சூடம் அணைத்த கையும் மலை தாண்டி வந்த வழக்கும்

என் சித்தப்பா எங்கள் குலசாமியான சாஸ்தாவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தார். அதன் பிறகு பல வாரங்கள், சூடத்தின் வாசம் பட்டாலே எனக்குக் குமட்டியது. சாஸ்தாவை நம்பும் உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை.

நான் தென்காசிப் பக்கம் வடகரைப் பெண். எலக்ட்ரிக்கல் என்ஜினீயர். அப்பா இல்லை. எனக்கும் அம்மாவுக்கும் இருப்பது ஒரு நெல்வயல் மட்டுமே. தாத்தா காலத்திலேயே வயல் அப்பாவுக்கு, கேரளத்து ரப்பர் தோட்டம் சித்தப்பாவுக்கு என்று ஊரார் முன்னால் வாய்வார்த்தையாகப் பிரித்தாயிற்று. அப்பா போனதும், இரண்டும் பொதுச் சொத்து என்று சித்தப்பா பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். எங்கே? தோட்டம் இருக்கும் கேரளத்துக் கோர்ட்டில். அவர் குடியிருப்பதோ குற்றாலத்தில்! அம்மாவுக்கு இதய நோய், மலைப்பாதைப் பயணம் ஆகாது. எங்கள் சாட்சிகள் பக்கத்து வயல்காரர்கள், வயதானவர்கள். எங்களை அலைக்கழித்தே ஓயவைப்பதுதான் அவர் திட்டம்.

சென்ற பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போனோம். சித்தப்பா எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்.

"கேஸ வாபஸ் வாங்கிட்டேன் மதினி. இனி நீங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

சூடம் அணைத்தவரிடம் மறுபேச்சுப் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வக்கீலிடம்கூட விசாரிக்காமல் அடுத்த வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டோம். நாங்கள் ஆஜராகவில்லை என்று, எங்களை விட்டுவிட்டே வழக்கை நடத்த உத்தரவாகிவிட்டது. செய்தி கேட்டதும் என் கண்முன் வந்தது ஒரே காட்சிதான். அன்று கோயிலில், சத்தியம் செய்த அதே கையால் அவர் சர்க்கரைப் பொங்கலை வழித்துத் தின்றார். நெய் வழிந்த விரல்களை நக்கிக்கொண்டே, "பிரமாதமா இருக்குலா" என்றார்.

அந்த உத்தரவை நீக்கவே பெரும்பாடு பட்டோம். வழக்கை வேறு மாநிலத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தால்தான் முடியும் என்றார் வக்கீல். அம்மாவின் உடல்நிலை, சாட்சிகள், வயல் இருக்கும் இடம், சித்தப்பாவின் குற்றால முகவரி என்று காரணங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். மனுத் தாக்கலானது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

தனியாகக் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன்.

"நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? ஜெயிக்க வை என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தைச் சொல்ல முடிகிற இடத்துக்கு வழக்கைக் கொண்டு வா."

கண்ணீர் இல்லை. நெஞ்சு முழுக்க அருவருப்பு. விபூதி கூடப் பூசாமல் இறங்கினேன்.

சாரல் தொடங்கிய நேரம், மாற்ற மனுவின் நோட்டீஸ் குற்றாலத்து வீட்டுக்குப் போனது. அதை வாங்கியவர் சித்தி. அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, கேஸு இன்னும் நடக்குதாமே! வாபஸ் வாங்கிட்டேன்னு சூடத்த அணைச்சாருல்லா?"

"வாங்கல சித்தி."



"மவனுக்குப் பொண்ணு பாக்குத நேரம். சாஸ்தாகிட்டயா வெளையாடுதாரு இந்த மனுசன்? கேஸு தென்காசிக்கே வரட்டும். அவரு எதிர்த்துப் பேச மாட்டாரு, அத நான் பாத்துக்கிடுதேன். மன்னிப்பு கின்னிப்பு மட்டும் எதிர்பாக்காத. அந்த வாய்க்கு அதெல்லாம் வராது."

சித்தி சொன்னது போலவே ஆட்சேபணை வரவில்லை. வழக்கு தென்காசிக்கு மாறியது. அம்மா டவுன் பஸ்ஸில் போய் நிதானமாகச் சாட்சி சொன்னார். பக்கத்து வயல்காரர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

சித்தப்பா திருந்தவில்லை. கோர்ட் வாசலில், "மதினி, சாப்பிட்டாச்சா?" என்று சிரிக்கிறார். எனக்கு இன்னும் குமட்டுகிறது. அதையும் சாஸ்தாவிடம் சொல்லிவிட்டேன். திருந்தாத மனிதரின் வீட்டுக்குள்ளேயே எங்களுக்கு உதவியை வைத்திருந்தவர் அவர். இப்போதெல்லாம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று அவருக்கு நான் வழி சொல்வதில்லை.

மனம் சுத்தமான பிறகு சாமியிடம் போகலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். கோபத்தோடும் அருவருப்போடும் போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன். கேட்டார்.