கியர் பெட்டிக்கு ஒரு பில்டர்

ஊருக்கே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னது ஒரு மே மாதத்தில். லாரியின் கியர் பெட்டியிலிருந்து வடித்த எண்ணெயை அலுமினியச் சட்டியில் வைத்துக்கொண்டு, அதில் விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். விரல் முழுக்கப் பித்தளைப் பொடி மினுமினுத்தது.

"பெட்டி உள்ளுக்குள்ள தேயுது. இந்த டிரிப் பார்ப்பேன். கியர்பாக்ஸ் போச்சுன்னா வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு ஊரைப் பார்க்கப் போயிருவோம்."

அவருக்கு ஊர் என்றால் கோவில்பட்டிப் பக்கம் அண்ணன் தம்பிகளோடு ஒரே வீடு. எனக்கு ஊர் என்றால் அந்த வீட்டு அடுப்படி. இங்கே டெல்லியில் நான் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு கடை வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். சட்டை, சல்வார் வாங்கியவர்கள் அங்கேயே என்னிடம் கொடுத்து அளவு குறைத்துக்கொண்டு போவார்கள். 'ஜல்தி, ஜல்தி' என்று பறப்பவனிடம், 'நீயே உட்கார்ந்து தைச்சுக்கோ பையா' என்று இந்தியில் திருப்பிக் கொடுப்பேன். அவருடைய அண்ணன் வீட்டில் அப்படி ஒரு வார்த்தை பேசிவிட முடியுமா? அங்கே போனால் செத்தே போவேன் என்றுதான் நினைத்தேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

அவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து வெளியே வந்தவர். பழைய லாரி ஒன்றை வாங்கி, ஓய்வு பெறும் தமிழ்க்கார அரசாங்க ஊழியர்களின் சாமான்களை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் தொழில். சரோஜினி நகர், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்களில் யாராவது வீட்டைக் காலி செய்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தொழில்தான் அவர் மனதைக் கெடுத்தது. ஒவ்வொரு முறையும் யாரையாவது சொந்த வீட்டில் இறக்கிவிட்டு வந்து, அவர்கள் வாசலில் தென்னை நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது என்று பெருமூச்சு விடுவார்.

"அடுத்தவன் வீட்டுத் தேங்காய்க்கு நீங்க ஏங்க ஏங்குறீங்க?" என்பேன். சிரிப்பார். அது வெறும் ஏக்கம் என்றே இருந்துவிட்டேன்.

பொடியைப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தைத்தால் நூல் அறுந்தது. இதற்கு ஒரு வழியும் இல்லையா, இல்லையா என்று அவரைப் போட்டுப் பிடுங்கி எடுத்தேன். கடைசியில் வேண்டா வெறுப்பாகச் சொன்னார்: "எண்ணெயை வடிகட்ட ஒரு பில்டர் போடலாம்."

எங்கள் லாரியின் கியர் பெட்டிக்குக் கம்பெனிக்காரன் பில்டர் வைக்கவில்லை. எண்ணெய் பெட்டிக்குள்ளேயே தெறித்துப் பல்சக்கரங்களை நனைக்கும். பொடியும் அதோடேயே சுற்றிச் சுற்றி மற்றப் பற்களைத் தின்னும். வெளியே ஒரு சின்ன மோட்டார் வைத்து, அடியிலிருந்து எண்ணெயை இழுத்து, பில்டர் டப்பா வழியாக விட்டு, மேலே திரும்ப ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மறுநாளே அவரைக் கிளப்பிக்கொண்டு, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் காஷ்மீரி கேட்டுக்குப் போனேன். கடைக்காரன் மூன்று டப்பாக்களை எடுத்து வைக்க, இவர் எதுவும் வாய் திறக்காமல் நிற்க, நான்தான் கெட்டியாக இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிலாஞ்சியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து மாட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதும், உள்ளே போவதும், திரும்ப வந்து குனிந்து பார்ப்பதுமாக இருந்தேன். "ஏட்டி, ஒரு இடத்துல நில்லு. உன் கால் என் கண்ணு முன்னாடி ஆடுது" என்று கத்தினார். திரும்பிப் போகும் குழாயில் ஒரு முழம் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார். எண்ணெய் ஓடுகிறதா என்று அதில் பார்க்கலாமாம். வேலை முடியும்போது இருட்டிவிட்டது. மோட்டாரைப் போட்டுப் பார்க்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்.

காலையில் விடிந்ததும் விடியாததுமாக, சாமான் அனுப்பவிருந்த ஆபீசர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தஞ்சாவூர்க்காரர். வீட்டுச் சாமான் பாதிகூடக் கட்டி முடிக்கவில்லை, ஏழரைக்கு ராகுகாலம் என்று தவித்தார்.

"சாமானை அப்புறமா ஏத்திக்கலாம். வண்டியை மட்டும் இப்பவே நகத்திடுங்கோ, பரஸ்தானமா இருக்கட்டும்" என்று ஒரு பித்தளைக் குத்துவிளக்கை என் கையில் கொடுத்தார். நல்ல நேரத்தில் ஒரு சாமானையாவது புறப்பட வைத்துவிட்டால் பயணமே புறப்பட்ட கணக்கு. ஏழுமலையானைக் கூப்பிட்டுவிட்டு ஆபீசர் ஸ்கூட்டரில் கிளம்ப, நான் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். என் வீட்டுக்காரர் வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி நிறுத்தினார். பில்டர் மோட்டாரைப் போட்டார், அது ஓடும் சத்தம் கேட்டது.

எனக்கா பொறுமை இருக்கும்? விளக்கைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. டப்பாவின் மேல், எண்ணெய் போகவேண்டிய திசைக்கு ஒரு அம்புக்குறி அச்சடித்திருந்தது. மோட்டாருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டிய அம்பு மோட்டாரைப் பார்த்து நின்றது.

"என்னங்க, டப்பாவைத் திருப்பி மாட்டியிருக்கீங்க!"

அவர் மெதுவாக இறங்கி வந்தார். குனிந்து பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்தேன். "தெரியுமா?"

"வேணும்னு மாட்டலை. நேத்து சாயங்காலம் முடுக்கினப்புறம் கண்ணுல பட்டுச்சு. அப்படியே விட்டுட்டேன்." லாரியின் பக்கப் பலகையில் சாய்ந்துகொண்டார். "இப்படியே போனா பாதி வழியில பெட்டி நின்னுரும். அவர் சாமானை வேற வண்டியில மாத்தி அனுப்பிச்சிட்டு, உன்கிட்ட வந்து போச்சுன்னு சொல்லலாம்னு நினைச்சேன். எனக்கு இங்கன முடியலட்டி. ஊருக்குப் போகணும் போல இருக்கு."

நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். துரோகி என்றேன். உங்கள் அண்ணன் வீட்டில் நீங்களே போய் இட்லிக்கு மாவாட்டுங்கள் என்றேன். தெருவில் பால் வாங்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தமிழ் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்திருக்கும். அவர் கோணியை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்து, டப்பாவைக் கழற்றித் திருப்பி மாட்டினார். மோட்டாரைப் போட்டதும் குழாயில் எண்ணெய் கருப்பாக ஏறி ஓடியது. சாயங்காலம் சாமானோடு கிளம்பிவிட்டார். போய்வருகிறேன் என்று சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவே இல்லை. மார்க்கெட்டில் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் மணி அடித்தாலே மிஷினை நிறுத்திவிடுவேன். ஒரு மத்தியானம் பூத்துக்காரன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"நாக்பூர்ல இருக்கேன்" என்றார். பின்னால் லாரிகளின் ஹாரன். "பில்டரைக் கழத்திப் பார்த்தேன். பொடி பூரா அதுல நின்னுருச்சு. எண்ணெய் சுத்தமா இருக்கு. ரெண்டாவது கியர் சத்தமே இல்லாம விழுது."

பிறகு அவரே சொன்னார்.

"சரி, டெல்லியிலேயே இருந்துக்கலாம்."

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுகைதான் வந்தது. அத்தனை தூரத்தில் நின்றுகொண்டு, 'பெட்டி போச்சு' என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.