குளோரினாக இருந்திருக்கலாம்

போரில் இடம்பெயர்ந்த சனம் வன்னியில், அக்கராயனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நெருக்கியடித்து இருந்த காலம். நான் அங்கே சுகாதாரத் தொண்டர். வயிற்றோட்டம் பரவாமல் கிணற்றுக்குக் குளோரின் போடுவது என் வேலை. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளமும் சொறியவைக்கும் கடியும் வந்தபோது பழி என் வாளியின்மேல் விழுந்தது. துணியை வெளுக்கும் தூள் தோலை விடுமா என்று கேட்டார்கள். குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குளோரின் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, எல்லோருக்கும் முன்னால் என் கையில் கட்டினேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்திருந்த மரியாக்கா தன் கையையும் நீட்டினார். அவருடைய சின்ன மகள் இரவிரவாகச் சொறிந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்ர கையிலயும் கட்டுங்கோ தங்கச்சி. உங்களுக்கு ஒண்டும் வராட்டி எங்களுக்கும் வராதெண்டு என்னெண்டு சொல்லுறது?"

இரண்டு நாள் கழித்து அவிழ்த்தோம். இரண்டு கைகளும் சுத்தமாக இருந்தன. நான் வென்றவள்போல நிமிர்ந்தேன்.

"பாத்தீங்களே அக்கா, குளோரின் இல்லை. இது சிரங்கு."

"ஓம் தங்கச்சி. அப்ப சிரங்குக்கு மருந்து தாங்கோ."

மருந்து வன்னிக்குள் வராமல் போர்க்காலத் தடையில் மறிபட்டிருந்தது. சவர்க்காரமும் இல்லை, பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தோம்.

மரியாக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளோரினா இருந்திருக்கலாம். போடாதேங்கோ எண்டாவது சொல்லியிருப்பன்."

பிறகு தன் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனார்.

சனம் என்னை நம்பவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். அன்று அவர் நம்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.