முகாமுக்கு ஒரே ஓட்டு

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது இலங்கை அகதிகள் முகாமுக்கு. அங்கே வரிசை வரிசையாக லைன் வீடுகள். அத்தனை வீட்டிலும் ஓட்டு உள்ள ஒரே ஆள் நான்தான்.

பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பத்தில். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். நாற்பது வயதாகியும் அரசாங்கத்துக்கு அவர் இன்னும் 'வந்தவர்'தான். "ஊர் உலகத்துல வேற மாப்பிள்ளையே கெடைக்கலியா?" என்று அப்பா கத்தினார். கிடைத்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிரிவலப் பாதையில் ஊசி விழுந்தாலும் எடுத்துவிடலாம், அத்தனை விளக்கு. அதிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் முகாம். வீடுகளிலிருந்து பொதுக் கக்கூசுக்குப் போகிற வழியில் மட்டும் ஒரு விளக்கு கிடையாது. ஒரு பக்கம் முள், மறுபக்கம் கற்குவியல். ஒரு மழைக்காலத்தில் எதிர் வீட்டு அண்ணனை அங்கேதான் விரியன் கடித்தது. உயிர் பிழைத்தது, காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். சாரம் கட்டி மூன்று மாடிக்குப் பெயிண்ட் அடித்த மனிதர் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

ஊராட்சித் தேர்தல் வந்த சமயம், அண்ணனின் தங்கை வெளிநாட்டிலிருந்து போனில் பேசினாள். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம். "எனக்கு இஞ்ச இன்னும் குடியுரிமை கிடைக்கேல்ல அண்ணா. ஆனா நகரசபைக்கு ஓட்டுப் போட்டனான். கொஞ்ச வருசம் இருந்தாலே போதுமாம்."

போனை வைத்ததும் அண்ணன் என்னைப் பார்த்தார். "எங்களிட்டயும் ஒரு ஓட்டு இருக்குத்தானே?"

அன்று சாயந்திரமே வேப்பமரத்தடியில் கூட்டம். வார்டு மெம்பருக்கு நின்றவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவர் பேராகச் சொல்லி, முகாமில் வயது வந்தவர்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருவர் சந்தேகப்பட்டு மறுபடி எண்ணச் சொன்னார். நான் போட நினைத்திருந்த ஆளுக்கு என்னைத் தவிர இரண்டே கைகள். என் வீட்டுக்காரரே எதிர்க்கட்சி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓட்டு என்னுடையது, நாட்டாமை ஊருக்கா? ஆனால் அந்த முகங்களைப் பார்த்த பிறகு வாயைத் திறக்க மனசு வரவில்லை. அவர்கள் சொன்ன ஆளுக்கே முத்திரை குத்தினேன். அவரே ஜெயித்தார். முகாமில் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். என்னமோ நாங்கள்தான் ஆட்சியைப் பிடித்துவிட்ட மாதிரி.

அண்ணனும் நானும் ஆட்டோவில் போய் மெம்பரைப் பார்த்துக் கக்கூஸ் வழிக்கு விளக்கு கேட்டோம். "போட்டுர்லாம்க்கா, இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

சொன்னபடியே கம்பம் வந்தது. என் வீட்டு வாசலில் குழி தோண்டினார்கள். இங்கே இல்லை, அங்கே என்று நான் ஓடினேன். "மெம்பர் உங்க வூட்டாண்டதான் நடச் சொன்னாருங்க" என்றார் லைன்மேன்.

மெம்பர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "உன் வாசல் பஞ்சாயத்து ரோட்டோரம். முகாமுக்கு உள்ள எல்லாம் ரெவின்யூகாரங்களுதுக்கா. அதுல கை வெச்சா எனக்குத் தலவலி. நீ நம்ம ஓட்டு, உனக்குச் செஞ்சுட்டேன். அந்த வழியில ஓட்டு இருக்கிறவங்க யாரு நடக்கறாங்க, சொல்லு?"

"நான் நடக்கறேன்."

"நீ ஒருத்திதானே?" என்று சிரித்தார்.

அந்த வெளிச்சம் என் வாசலைத் தாண்டி நாலு வீடு எட்டும். கக்கூஸ் வழிக்கு எட்டாது. ஒரு விடியற்காலையில் அண்ணன் அங்கே கட்டை வழுக்கிக் கல்லில் விழுந்தார். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். சாப்பிடாவிட்டால் இருட்டில் போக வேண்டியிருக்காதே. அவர் மனைவி இதை என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு அந்தக் கம்பத்தை வெட்டிச் சாய்க்கலாம் போலிருந்தது.

அந்த வருஷம் என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஓட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போனாள். அப்பா முகாம் ஆள் என்றால் அம்மா மட்டும் இந்தியராக இருந்தால் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உன் ரத்தம் கணக்குலயே வரலியாம்மா" என்றாள். சில மாதம் கழித்து அண்ணனின் தங்கை மறுபடி கூப்பிட்டாள். அவள் இருக்கும் நாட்டிலும் அரசியல் சாசனத்தைத் திருத்தப் போகிறார்களாம். உள்ளூர்த் தேர்தலில்கூட இனிமேல் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டாம். "பரவால்ல அத்தை, இதுல நாங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்றாள் என் மகள்.

இப்போது அடுத்த தேர்தல் பேச்சு வந்துவிட்டது. போன வாரம் மெம்பரின் ஆள் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார், என் வீட்டுக்கு மட்டும். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். சாயந்திரம் வீடு வீடாகப் போய் எல்லோரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டேன். எனக்காக வந்தார்கள். அண்ணன் எலும்பும் தோலுமாக இருந்தார்.

"இந்தத் தடவை யாருக்குப் போடட்டும்?" என்று கேட்டேன்.

ஒரு கையும் உயரவில்லை. இன்னொரு முறை கேட்டேன்.

"உனக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடு பிள்ளை" என்றார் அண்ணன். "ஆருக்குப் போட்டாலும் வெளிச்சம் உன்ர வாசலுக்குத்தான் வரும்."

அவர் கட்டையை ஊன்றி எழுந்தார். மற்றவர்களும் எழுந்து போனார்கள். என் மகளும் அவர்களோடு போனாள்.