எழும்பாத இடது கால்

பல ஊர், பல வேலை பார்த்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தள்ளுவண்டி தள்ளச் சேர்ந்தேன். நிமிர்ந்து நடந்தால் இடது கால் மரத்துப்போகும். குனிந்து வண்டி தள்ளினால் சுகமாக இருக்கும். வேலையே வைத்தியம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

“என்னண்ணே, பஸ் படியில தொங்குற மாதிரி ஒரு பக்கமாவே சாஞ்சு நடக்கீக?” என்பாள் கூட வேலை பார்க்கும் மாரி.

“காத்து அடிக்குல்ல” என்று மழுப்புவேன்.

ஒரு நாள் வெடிமருந்து அறையில் வண்டியை விட்டு நிமிர்ந்தபோது, “புகை வருது, ஓடுங்க” என்று குரல் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். வாசற்படியைத் தாண்ட என் இடது கால் எழும்பவில்லை. வேலியோரம் நின்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். யாரும் திரும்பி வரவில்லை, வரவும் கூடாது; அங்கே அதுதான் விதி. நல்லவேளை, அது வெளியே யாரோ சருகு கொளுத்திய புகை.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “வயசானதுல எலும்புக்கு நடுவுல இருக்குற தட்டு தேஞ்சு, முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு நரம்பை அழுத்துது. இதை ஏன் மறைச்சீக? பயிற்சி செஞ்சு பாப்போம். கால் பலம் குறைஞ்சா ஆபரேஷன்தான்” என்றார்.

இப்போது அதே கம்பெனியில், வெடிமருந்து இல்லாத அட்டைப்பெட்டி குடோனில் வேலை. தினமும் பயிற்சி செய்கிறேன். ஆனாலும் எந்தப் படியைப் பார்த்தாலும் வேலியோரத்து முகங்கள் தெரிகின்றன. கம்பெனி கேட்டில் நின்று இடது காலைப் பத்து முறை தூக்கிப் பார்க்கிறேன். எழும்பாத அன்று, மாரியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறேன்.