ஒருநாள் விடுப்புக்கு இருபத்துமூன்று சிப்பிகள்

ராமேஸ்வரத்தில் அப்பாவின் திதியை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கினேன். அடுத்த வண்டிக்குள் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்பது திட்டம். ஆதிகாலத்துச் சிப்பிகள் கல்லாகிக் கரையில் ஒதுங்கும், அவற்றுக்குப் பாசில் என்று பெயர் என வாசகசாலையில் ஒரு வார இதழில் படித்திருந்தேன். குனிந்தேன். நிமிர்ந்தபோது வண்டி போயிருந்தது. துண்டில் இருபத்துமூன்று சிப்பிகள் இருந்தன.

ஐம்பதுகளின் கடைசி அது. திண்டுக்கல்லில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் தற்காலிகக் குமாஸ்தா. மறு மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். சொல்லாமல் ஒருநாள் வராமலிருந்தால் சர்வீஸ் முறிந்தது என்று எழுதிவிடலாம்; எழுதினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒருநாள் தாமதமாக நான் போய்ச் சேர்ந்தபோது மேஜையில் மெமோ இருந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"காய்ச்சல்னு எழுதிட்டுப் போவியா, அப்பு" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "ஆபீசே அதத்தான எழுதுது."

"காய்ச்சலுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேணும்ணே. பாசிலுக்கு எந்த விதியிலயும் சர்டிபிகேட் கேக்கல."

"அம்புட்டு விதியும் படிச்சவன். அனுபவி."

அறிவியலுக்குப் பயன்படும் பாசில்களைச் சேகரித்ததால் தாமதம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதித் திருப்பினார்: 'மேற்படி பொருள்கள் பாசில்தான் எனத் தகுதியுள்ளவரிடம் சான்று பெற்று வைக்கவும்.' விதியில் இல்லாததை விதியாக்கப் பச்சை மைக்கு அதிகாரம் உண்டு என்பது நான் படித்த புத்தகங்களில் இல்லை.

மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு எழுதினேன். கார்டில் பதில் வந்தது. சிப்பிகளை நானே ஆராய்ந்து பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காலத்துச் சாதாரணச் சிப்பி ஒன்றும் சேர்க்க வேண்டும். கல்லானதென்றால் கனம் கூடியிருக்கும், நிறம் போயிருக்கும், உள்ளே கல் நிரம்பியிருக்கும்.

பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி வைத்திருந்த பாய், தோலில் ஓட்டை தேடும் பூதக்கண்ணாடியைக் கொடுத்து உதவினார். ஒரு சிப்பியைத் தானே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓட்டை இருக்கே தம்பி. இது ரெண்டாந்தரம்" என்றார். 'துளையுள்ள வகை' என்று குறித்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி தடையின்றி நடந்தது. நிறம் போயிருந்ததா? எல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடந்தவை, போகாமல் என்ன. கனம் இருந்ததா? இருந்தது, உள்ளே ஈரமணல் இறுகியிருந்தது. அதைக் 'கல்லாவதன் ஆரம்பநிலை' என்று எழுதினேன்.

சாதாரணச் சிப்பிக்குத்தான் திண்டாட்டம். திண்டுக்கல்லில் கடல் கிடையாது. ஆனால் வெற்றிலை போடாதவர் கிடையாது என்பதால், சுண்ணாம்புக் காளவாய்க்கு ரயிலில் மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் வரும். அங்கே போய்க் கேட்டேன். காளவாய்க்காரர் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைத் தூக்கிப் போட்டார்.

"இதக் கொண்டு போங்க சார். எம்புட்டுத் தீ போட்டாலும் வேகாது. கல்லு."

வடிவாக இருந்தது. 'எண் 24. காளவாய்ச் சாதாரணச் சிப்பி. ஒப்பிட மட்டும்' என்று எழுதினேன். ஒரு பொருள் எங்கிருந்து வந்ததோ அந்தத் தலைப்பில்தான் பதிய வேண்டும், அதுதான் முறை. பட்டியலின் நகலைக் கோப்பில் வைத்தேன். அதுவும் முறை.

இரண்டு வாரத்தில் பார்சல் திரும்பியது, சான்றோடு. இருபத்துமூன்று சிப்பிகளும் போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ செத்தவை. எண் 24 மட்டும் பாசில், மிக நல்ல மாதிரி. கண்டெடுத்தவருக்குப் பாராட்டு.

"கொண்டு போய் வையி" என்றார் பக்கத்து மேஜைக்காரர். "கடலா காளவாயான்னு அதுல போட்டிருக்கா?"

சான்றில் இல்லை. கோப்பில் என் கையெழுத்திலேயே இருந்தது. உண்மை பேசுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலைமைக்கு என்னை நானே கொண்டுவந்திருந்தேன்.

ஆபீசர் சான்றைப் படித்தார். பட்டியலையும் படித்தார்.

"சார், அந்த ஒண்ணு காளவாயில..."

"பாசில்தானான்னு கேட்டேன். ஒண்ணு ஆமான்னு வந்திருச்சு. எங்க எடுத்தீர்னு கேட்டேனா?"

"இல்ல சார்."

"கேட்டா இன்னொரு மெமோ போடணும். நீர் இன்னொரு விளக்கம் எழுதுவீர். அதையும் நான் படிக்கணும். போம்யா."

அந்த ஒருநாள் விடுப்பாக அனுமதிக்கப்பட்டது. மறு மாதம் நிரந்தரமானேன். எண் 24 கோப்பின் இணைப்பாகப் பதிவறைக்குப் போய்விட்டது.

இணைப்புகளைத் திரும்பப் பெற மனு உண்டு. அதற்கான படிவம் என் அலமாரியிலேயே கட்டுக்கட்டாக இருந்தது. ஓய்வுபெறும்வரை அவ்வப்போது ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்குவேன். பெயர், பதவி, கோப்பு எண் எல்லாம் சரியாகப் போகும். நான்காவது கட்டத்தில் 'பொருள் மனுதாரருக்குக் கிடைத்த இடம்' என்றிருக்கும். பேனாவை மூடிவிடுவேன்.