சுரண்டிவிட்ட மேடுபள்ளம்

விழுப்புரத்தில் நான் டிராப்ட்ஸ்மேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் ஐ.டி.ஐ.யும்தான் படிப்பு. வீட்டு பிளான், மனைப்பிரிவு, வாய்க்கால் லெவல் எல்லாம் டிரேசிங் பேப்பரில் இங்க் பண்ணிக் கொடுப்பேன். முருகனைக் கும்பிட்டுத் திருநீறு பூசாமல் பேனாவைத் தொட்டதில்லை. அப்படிக் கும்பிட்டுத் தொடங்கிய வேலையில்தான் ஒருவருடைய ஏழு வருட உழைப்பைக் கெடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், திண்டிவனத்தில் கல்லூரி பிசிக்ஸ் விரிவுரையாளராக இருந்த தேவராஜ் சார் பதினோரு கிராப் தாள் கொண்டுவந்தார். பி.எச்.டி. தீசிசுக்கு. பென்சில் புள்ளிகளை டிரேசிங் பேப்பரில் இங்க்கால் எடுத்துக் கோடு போட வேண்டும். அடுத்த திங்கள் மாலை ஐந்து மணிக்குள் சென்னையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. இனி அவகாசம் கிடையாது.

"திங்கக்கெழம காலையில வாங்கிக்கினு அப்படியே மெட்ராஸ் பஸ் ஏறிடுவேண்ணே" என்றார்.

புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதுமாகக் கிடந்தன. நிலத்தில் லெவல் எடுக்கும்போது ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிப்பவன் கை ஆடினால் புள்ளி இப்படித்தான் விலகும். நாங்கள் ஃபிரெஞ்ச் கர்வ் என்ற வளைவு அச்சை வைத்து நடுவாகக் கோடு ஓட்டிவிட்டு, விலகிய புள்ளியைப் பிளேடால் சுரண்டிவிடுவோம். சாருக்கும் கை ஆடியிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கவில்லை. பதினோரு தாளிலும் ஒரே சரிவாகக் கோட்டை இறக்கினேன். அழகாகத்தான் இருந்தது.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு சார் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மேடுபள்ளமெல்லாம் எங்கண்ணே?"

"ஆடிக்கினு இருந்துச்சி சார். நீவி உட்டுட்டேன்."

"அந்த ஆட்டந்தாண்ணே என் தீசிஸே!"

நான் உடனே பென்சில் தாளை எடுத்து மறுபடி போட உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்றபடியே சொன்னார். கார்பன் அயனியைக் கார்பன் மேலேயே மோதவிட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகிறது என்று எண்ணிய கணக்காம் அது.

"இந்தக் கோணத்துல வர்றது இடிச்சதா, இடிபட்டதான்னு எந்தக் கருவியாலயும் சொல்ல முடியாது. ரெண்டும் ஒண்ணு போல. ரெண்டு வழியும் அலை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு விழும்."

மேசையில் நான் நெருக்கமாகக் கோடு போட்டிருந்த இரண்டு டிரேசிங் கிடந்தன. ஒன்றை இன்னொன்றின்மேல் சற்றுச் சாய்த்து வைத்தார். எந்தத் தாளிலும் நான் போடாத கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறித் தெரிந்தன.

"இதே கதைதாண்ணே. ஒரு கோணத்துல நெறைய வருது, அடுத்ததுல கம்மி. யார் கையும் ஆடல. சாமி அப்படித்தான் வச்சிருக்காரு."

இங்க் காய வேண்டும், அவசரப்பட்டால் இழுகிவிடும். "ஜல்திண்ணே" என்று ஒரே ஒரு முறை சொன்னார். முடியும்போது மணி ஒன்றரை. தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் சென்னையில் போய் நின்றபோது ஐந்தரை. அலுவலகம் பூட்டியிருந்தது. மறுநாள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வந்து அந்தப் பதினோரு டிரேசிங்கையும் என் மேசையில் வைத்தார். காலில் விழப் போன என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"நானும் நடுவுல ஒரு தபா வந்து பார்த்திருக்கணும். இதுல இடிச்சது யாரு, இடிபட்டது யாருன்னு எப்படிண்ணே பிரிக்கிறது?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் மறுபடி பி.எச்.டி.க்குப் பதிவு செய்யவே இல்லை.

டிராயிங் போர்டு முன்னால் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். புள்ளி கொடுத்தவருடையது. விலகி நின்றால் ஏன் என்று கேளுங்கள். பிளேடை எடுக்காதீர்கள்.

அந்தத் தாள்கள் இன்னமும் என் வீட்டு சாமி படத்தடியில் இருக்கின்றன. கார்பனுக்கு அடையாளம் இல்லாமல் இருக்கலாம். எனக்கு உண்டு. முருகா, இடித்தவன் நான்தான்.