குனியாமல் உரம் போட்ட மெர்ல்

பக்கத்து வீட்டு மெர்லுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்த டாக்டர், இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். அடிலெய்டிலிருந்து வந்த மகள் லினெட் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

"தோட்டத்தப் பாத்துக்க முடியலன்னா வீட்ட வித்துடலாம்மா. வசந்தம் வரைக்கும் பாப்போம். அப்புறம் என்கூட வந்துடு."

எங்கள் மூண்டா ஊர்ப் பள்ளி கேண்டீனில் காலமெல்லாம் சமைத்துப் போட்டவள் மெர்ல். சாப்பாட்டை மறந்துவிட்டுப் போன நாளில்கூட என் பிள்ளைகள் பசியோடு வீடு திரும்பியதில்லை. அவளை அனுப்ப எங்களுக்கு மனசில்லை. புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப் ஆண்கள் உதவக் கிளம்பினோம். புல் வெட்டினோம், களை பிடுங்கினோம், பீர் குடித்தோம். எலுமிச்சை மரத்துக்கு எது உரம் என்று ஆஸ்திரேலிய ஆண்பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு சனிக்கிழமையும், ஒருவர் விடாமல் அவள் வீட்டு எலுமிச்சைக்குப் பின்னால் ஒன்றுக்குப் போய் வந்தோம்.

ஆகஸ்டில் எலுமிச்சை இலை ஓரமெல்லாம் கருகிக் கொட்டியது. மெர்ல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்து மூக்கைச் சுளித்தாள்.

"என் புருஷன் ஒருத்தன் போனான், மரம் காய்ச்சுது. நீங்க கிளப்பையே கூட்டிட்டு வந்திருக்கீங்க! மரத்தக் கொன்னுட்டு என்னை அடிலெய்டுக்குப் பேக் பண்ணலாம்னு பாக்கறீங்களா?"

"நல்லதுன்னு நெனச்சுதான் மெர்ல்..." என்று எங்கள் கிளப் நோயல் இழுத்தான்.

"நல்லது செய்யணும்னா ஹோஸ எடுடா. நல்லா தண்ணி விடு, உப்பெல்லாம் கீழ எறங்கட்டும். இனிமே அவனவன் வீட்டு கக்கூஸுக்குப் போங்க!"

திட்டிக்கொண்டே எங்களை வேலை வாங்கினாள். செங்கல் அடுக்கி, அதன்மேல் திருகுகுழாய் வைத்த டிரம்மை ஏற்றினோம். அவளுடைய பழைய நைலான் காலுறையில் ஆட்டுப் புழுக்கையைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டோம். ஊறிய சாறு வெளிறிய டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலந்தால், ஹோஸ் வழியாகத் தானே பூப்பாத்திக்கு ஓடும். பழமரங்களுக்கு இன்னும் சுலபம். இடுப்பு உயரப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கையில் பிடித்து, மரத்தைச் சுற்றி அங்கங்கே மாற்றி மாற்றி ஊன்றி, மேலிருந்து கோழி எரு உருண்டைகளைப் போட்டால் போதும். கிளை நிழல் முடியும் இடம்தான் கணக்கு. தண்டுக்குப் பக்கத்தில் கொட்டினால் நமக்குத்தான் திட்டு விழும்.

வசந்தம் பிறந்து அக்டோபரில் லினெட் வந்தபோது ரோஜா பாத்தி கொள்ளாமல் பூத்திருந்தது. எலுமிச்சை துளிர்விட்டிருந்தது. அவள் அம்மா ஆப்ரிகாட் மரத்தடியில் நேராக நின்று உரம் போட்டுக்கொண்டிருந்தாள். லினெட் அந்தக் குழாயை வாங்கி, தானும் ஒரு பிடி போட்டுப் பார்த்தாள்.

"வீடு பாக்க நாளைக்கு ஒரு ஆள் வர்றதா இருந்துச்சு. வர வேணாம்னு சொல்லிடறேம்மா."

மெர்ல் வாக்கரை விட்டுவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.